கிளெனிஸின் கைப்பேசி

ரரோடோங்கா தீவில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த கடற்கரை வீடு பழையது. மதியமே வானம் இருட்டிவிட்டது. மழையில் தகரக் கூரை இரைந்தது. லொரெய்ன் ஈரச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"முதல்ல உன் கணக்குல இருக்கிற அந்த ப்ரொஃபைல் படத்தை மாத்து, பிரென்டன். நமக்குக் கல்யாணம் ஆயாச்சு. இன்னும் அவதான் அதுல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறா."

அவள் என்றால் கிளெனிஸ், பிரென்டனின் முதல் மனைவி. செத்து இரண்டு வருடமாகிறது. செத்தவளோடு போட்டி போடுவது லேசில்லை. அவளுக்கு வயதும் ஏறாது, இடுப்பும் பெருக்காது.

பிரென்டன் கடவுச்சொல்லை அடித்தான். வெளிநாட்டிலிருந்து நுழைகிறவன் மேல் கணக்குக்குச் சந்தேகம். 'உங்கள் இன்னொரு கைப்பேசியில் உறுதி செய்யுங்கள்' என்றது.

"இன்னொரு போன் எங்க?"

"கிளெனிஸோடது. அவதானே இதெல்லாம் போட்டு வைப்பா."

"எங்கன்னு கேட்டேன்."

"சவப்பெட்டியில," என்றான்.

ஆஸ்திரேலியாவில், சொந்த ஊரான பல்லாரட்டின் தேவாலயத்தில், ஊரே பார்க்க, 'நான் கூப்பிட்டா அவ எடுக்கணும்' என்று விம்மி, பிணத்தின் கையில் கைப்பேசியை வைத்தவன் அவன். உரை பிரமாதம் என்று அப்புறம் சான்ட்விச் தின்றபடி எல்லோரும் பாராட்டினார்கள். லொரெய்னும் பாராட்டினாள். அவன் நம்பரை அவள் வாங்கியதும் அங்கேதான்.

திரை மினுங்கியது.

'மறுக்கப்பட்டது. கருவி: கிளெனிஸ். இடம்: பல்லாரட்.'

"நெட்வொர்க் கோளாறு," என்றான்.

"திரும்ப அடி."

'மறுக்கப்பட்டது. இடம்: ஆக்லாந்து.'

காலையில் இவர்கள் விமானம் மாறிய ஊர்.

"விடு, கண்ணு. வீட்டுக்குப் போய் மாத்திக்கலாம்."

லொரெய்னுக்குப் பயத்துக்கு முன்னால் வயிற்றெரிச்சல்தான் வந்தது. மண்ணுக்குள் போயும் அதிகாரம் பார்!

"இப்பவும் அவ பேச்சுத்தான் உனக்குப் பெருசா?"

கைப்பேசியைப் பிடுங்கி அவளே அழுத்தினாள்.

'இன்னொரு கைப்பேசியில் 3 என்ற எண்ணைத் தட்டவும். இடம்: ரரோடோங்கா.'

மழை சட்டென்று நின்றது.

கடல் வாடை போய், குளிர்ந்த களிமண் வாடை வந்தது. அதோடு வாடிப்போன லில்லிப் பூ.

"பிரென்டன்," என்று கிசுகிசுத்தாள். "கதவைத் தாழ் போட்டியா?"

கதவில் ஒரு தட்டு.

இன்னொன்று.

மூன்றாவது தட்டு அறைக்குள் கேட்டது.

'உறுதி செய்யப்பட்டது. நன்றி.'

கணக்கு திறந்தது. படம் மாறியிருந்தது.

இதே அறை. இதே மஞ்சள் சட்டையில் பிரென்டன். அவன் தோளில் சாய்ந்து, ஈரத் தலையோடு கிளெனிஸ் சிரித்தாள். லொரெய்ன் உட்கார்ந்திருக்கும் பிரம்பு நாற்காலி படத்தில் காலியாக இருந்தது.

கீழே, அதற்குள், லொரெய்னின் சொந்தத் தங்கை இதயம் போட்டு எழுதியிருந்தாள்:

'அப்படியொரு பொருத்தம்!'