வால் பக்கத்து வேலை

மே மாதத்து உச்சி வெயிலில் தகரக் கொட்டகையே தணலாய்க் கொதித்துக்கொண்டிருக்க, விமானத்தின் வயிற்றுக்குள் மட்டும் குளிர்ந்தது. ஹெலனுக்கு முதலில் அது சுகமாகத்தான் இருந்தது. பிறகு முதுகு சிலிர்த்தது.

கடலைக் காவல் காத்து ஓய்ந்துபோன ராட்சத விமானம் அது. மாமல்லபுரத்துக்கு வெளியே கட்டிக்கொண்டிருந்த அருங்காட்சியகத்தில் நிறுத்துவதற்காக, துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே சூப்பர்வைசர் அவள் கணவன் ஜோஷ்வாதான். போன மாதம் வால் பகுதிக்குள் பெயின்ட் சுரண்டப் போன பாலாவை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். அன்றிலிருந்து ஜோஷ்வா தூக்கத்தில் யாரிடமோ கெஞ்சினான். மறைமலைநகர் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தன்னோடு இந்த வேலைக்கு வரும்படி ஹெலனைக் கூப்பிட்டான். அவள் சரி என்ற இரவுதான் குறட்டை விட்டுத் தூங்கினான். தன்மேல் இருக்கும் பாசம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வாலுக்குள் தவழ்ந்துதான் போகமுடியும். உப்பும் பழைய எண்ணெயும் கலந்த வாடைக்கு அடியிலிருந்து ஈரத் தலைமுடியின் வாசனை மெல்லக் கசிந்து வந்தது. பெயின்ட் சுரண்டுவதை அவள் நிறுத்தியபோதெல்லாம், உள்ளே ஆழத்தில், துணி தகட்டில் உரசுகிற சத்தமும் ஒரு கணம் பிந்தி நின்றது.

"ஏங்க, உள்ள யாரோ கீறாங்க."

"காத்து ஹெலன். இன்னும் கொஞ்சம் உள்ள போ. நான் இங்கதான் நின்னுகினு கீறேன்."

அந்தக் குரலை நம்பி இன்னும் தவழ்ந்தாள். பின்னால் வெளிச்சம் சுருங்கியது. திரும்பினாள். நுழைந்த வழியில் ஒரு தகடு. ஸ்க்ரூ திருகும் சத்தம்.

"இன்னாங்க பண்றீங்க? தொறங்க!"

அடித்துப் பிடித்து வந்து தகட்டைத் தட்டினாள். ஜோஷ்வா பேசினான். அவளிடம் இல்லை.

"சொன்ன மாரி கூட்டினு வந்துட்டேன். இனிமே என்னக் கூப்புடாத."



தகட்டில் ஒயர் போன பழைய ஓட்டை ஒன்று. விரல் நுழையும். மோதிர விரலை வெளியே நீட்டினாள். தேவாலயத்தில் அவன் போட்ட மோதிரம் தகட்டில் இடித்தது.

விரலைப் பிடித்தான். அவன் கைதான்.

மெல்ல உள்ளே தள்ளினான்.

ஓட்டை அடைபட்டது. இருட்டு.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பின்னாலிருந்து ஒரு ஈரக் கை வந்து அதைப் பற்றியது. அவசரமே இல்லாமல், மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றியது.