முன்னால் இருப்பவருக்கே முதலிடமா?

"ஏனுங்க, இங்க ஏசியில உட்கார்ந்துட்டா வெளியில நடக்கறது எதுவும் தெரியாதுங்களா?"

மழையில் நனைந்த முந்தானையோடு சர்வர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள் உமாதேவி. மைசூர் ஹெப்பாள் தொழிற்சாலையில் பில் போடுகிறவள். உள்ளே இருந்தவன் கிரண். புது சாஃப்ட்வேர் விற்ற கம்பெனி நேற்று அனுப்பிய இன்ஜினியர். திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். அத்தனை பெரிய கண்கள்… கண் நிறையக் கோபம்.

"கேட்ல லாரி வரிசையா நிக்குது. நேத்திலிருந்து ஒரு பில் வர்றதுக்குள்ள டிரைவர் ஒரு தூக்கமே போட்டுடறாரு. நான் மெதுவா டைப் அடிக்கறேன்னு மேனேஜர் எல்லார் முன்னாடியும் திட்டறாரு. இந்த மாசம் வேலை நிரந்தரமாகணும். அதையும் யோசிக்கணுங்கறாரு. நான் என்ன தப்புங்க பண்ணினேன்?"

"ஸ்வல்ப இருங்க ரீ…" மைசூரிலேயே வளர்ந்தவன். தமிழில் பாதி கன்னடம்; மரியாதைக்கு ஒரு 'ரீ'.

திரையைப் பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று. டேட்டாபேஸுக்கென்றே வாங்கிய மெஷினில் தன் ரிப்போர்ட்டை ஓட விட்டிருந்தான். அது சீக்கிரம் முடியட்டும் என்று, திரையில் முன்னால் இருக்கும் புரோகிராமுக்கே முன்னுரிமை தரும் செட்டிங்கைக் கடைசிவரை ஏற்றியும் வைத்திருந்தான். பின்னால் மாடாய் உழைத்து பில் தரும் டேட்டாபேஸ் பட்டினி.

"என் தப்புதான்," என்று விளக்கினான்.

"அப்ப முன்னாடி உட்கார்றவங்களுக்குத்தான் எல்லாமுங்களா? பின்னாடி பாடுபடறது கண்ணுக்கே தெரியாதுங்களா?"

அவன் ரிப்போர்ட்டை மூடினான். செட்டிங்கை இறக்கினான். போகிறவள் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்… அவனும் பார்த்துச் சிரித்தான்.

பில்கள் பறந்தன. மத்தியானம் கேன்டீனில் மேனேஜர் லிங்கப்பன் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "காலைல நாலு வார்த்தை கேட்டேன். இப்போ பாருங்க, அந்தப் பொண்ணுக்குக் கை எப்படி ஓடுது."

பக்கத்து மேஜையில் கிரண். வாயைத் திறந்தான்… மூடிக்கொண்டான். பிசிபேளாபாத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

இரண்டு மேஜை தள்ளி உமாதேவி டம்ளரை நங்கென்று வைத்தாள். தப்பு ஒருத்தன் பண்ணுவானாம், பேச்சு இன்னொருத்தி வாங்குவாளாம். இது என்ன நியாயம்? இவன் சிரிப்பையா காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தோம்… பாழாய்ப்போன மனசு.

சாயங்காலம் கம்பெனி பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து மழையையே முறைத்துக்கொண்டிருந்தாள். தொப்பலாக நனைந்து ஏறிய கிரண், முன் சீட்டில் இருந்த லிங்கப்பன் அருகில் போய் நின்றான்.

"சார், பில் லேட்டானதுக்கு உமாதேவி காரணம் இல்ல. சர்வர்ல செட்டிங்கைக் கெடுத்தது நான். சரி பண்ணினதும் நான். மத்தியானமே சொல்லியிருக்கணும்… வேலை போயிடும்னு பயந்துட்டேன். இப்போ எங்க ஆபீசுக்கும் ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன்."

லிங்கப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு பின்னால் திரும்பினார். "உமாதேவி… காலைல திட்டினது தப்பும்மா. நிரந்தர ஆர்டருக்கு நாளைக்கே எழுதறேன்."

கிரண் அவள் சீட்டருகே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் கோபமா ரீ?"

"ஆமாங்க. மத்தியானம் எங்க போச்சு இந்த வாய்?"

"தப்புதான்…"

"உங்க வேலை போயிட்டா?"

"இங்கேயே வேற தேடிக்குவேன். இந்த ஊரை விட்டுப் போக முடியாது. காலைல கதவைத் தள்ளிட்டு வந்தீங்களே… அப்போ புடிச்சது ரீ, உங்களை."

அவள் மழையைப் பார்த்தாள். பிறகு பக்கத்து சீட்டில் வைத்திருந்த டிபன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும்தானுங்க… ஆனா கோபம் இன்னும் போகலைங்க. உட்காருங்க."