உள்பக்கக் கைப்பிடி

குளிர்பதனக் கிடங்கின் அலுவலகத்துக்குள் அவள் நுழைந்தபோது மேலாளர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. தம்பியின் பொருள்களை எடுத்துக்கொண்டு போகச் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார். பொருள் என்று மேசைமேல் கிடந்தவை ஒரு ஜோடி தடித்த கையுறை, வயர் சுருட்டிய ஒரு மைக்.

தம்பி குளிர் அறைக்குள் மாட்டி விறைத்துச் செத்தான். கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை, கவனக்குறைவு என்று கைகழுவிவிட்டார்கள்.

அவன் சொல்லியிருப்பான். கையுறையோடு தட்டச்சு செய்ய முடியாமல் மைக்கில் பேசியே மெயில் எழுதுகிறவன். பக்கத்தில் பேசுவதும் எழுத்தாகிச் சேர்ந்து விழும். அக்காவுக்கு எழுதும் மெயிலில்கூட நடுவே, "டேய், பெட்டிய மெதுவா இறக்கு" என்று வரும்.

அவனுடைய மெயில்களைக் கேட்டாள். எதுவும் இல்லை, வேண்டுமானால் நீயே பார் என்று அவன் பயன்படுத்திய கணினியைக் காட்டினார். கணினி பழுது பார்ப்பதுதான் அவள் பிழைப்பு என்று அவருக்குத் தெரியாது.

அனுப்பியவை காலி. குப்பைத்தொட்டி காலி. நீக்கியதை மீட்கும் இடத்தைத் தேடி அழுத்தினாள்.

ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

"ஐயா, கதவு உள்ளருந்து தொறக்கல. கைப்பிடி மாத்துங்க. அனுப்புறேன்டா, இதையாவது படிப்பாரா பாப்போம்."

எல்லாவற்றையும் மேலாளர் படித்திருந்தார். படித்ததற்கான அறிவிப்பு கீழேயே இருந்தது.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"அழிச்சிடும்மா," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "செத்தவன் வந்தா சாட்சி சொல்லப் போறான்?"

அறை சில்லிட்டது. ஈரச் சாக்கின் வாடை.

திரையில் புது மெயில் ஒன்று தானாகத் திறந்தது.

அழிச்சிடும்மா. செத்தவன் வந்தா சாட்சி சொல்லப் போறான்.

மைக்கின் வயர் சுருட்டியபடியே கிடந்தது.

மெயில் ஊழியர்கள் எல்லாருக்கும் போனது. மேலாளர் கதவுக்குப் பாய்ந்தார். கைப்பிடி கழன்று அவர் கையோடு வந்தது.

திரையில் அடுத்த வரி விழுந்தது: அக்கா, நீ வெளிய போ.

அவள் கையுறையை எடுத்துக்கொண்டு கதவைத் தொட்டாள். திறந்தது. அவள் வெளியே வந்ததும் பின்னால் அறைந்து சாத்திக்கொண்டது.

தெருவில் செல்போன் அதிர்ந்தது. தம்பியின் முகவரியிலிருந்து மெயில்.

கதவத் தொறங்க. குளிருது. யாராவது கதவத் தொறங்க. அக்கா, ஐயா பேசுறதும் சேர்ந்து விழுது.

அவள் படித்தாள். அவர் படித்தாரே, அதே மாதிரி. படித்ததோடு சரி.

கக்கத்தில் இருந்த கையுறை மெல்ல விரல் மடக்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டது.