கம்பி கட்டிய செருப்பு

அயன் பெட்டி அலுமாரிக்கு மேலே சும்மாதான் கிடந்தது. ஆனாலும் வீட்டு மண்டபத்துப் பல்ப் மங்கியது.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த நபீஸா நிமிர்ந்து பார்த்தாள். மணமுடித்து இந்த வீட்டுக்கு வந்து அவள் கற்ற முதற்பாடம், அயன் பெட்டி சூடேறினால் பல்ப் மஞ்சள் காமாலைக்காரன் கண்போல ஆகிவிடும் என்பதுதான். இப்போது அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. ஓட்டில் மாரிமழை இரைந்தது. துறைமுகப் பக்கமிருந்து கப்பல் எண்ணெய் மணத்தோடு ஈரக்காற்று வந்தது. அந்த மணத்துக்கு அடியில் இன்னொரு மணமும் இருந்தது. சூட்டுப் பெட்டியின் கீழே ஈரத்துணி வேகுகிற மணம்.

தம்பலகாமத்து வயலில் யானை விரட்டத் தகரம் தட்டியவள் அவள். ஒரு பல்புக்குப் பயந்தால் யானையே சிரிக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு திரும்பியவள், அயன் போட்டுத் துணி மினுக்கும் மேசையடியில் அதைக் கண்டாள்.

ஒரு சோடி நீல றப்பர் செருப்பு. இடது செருப்பின் வார் அறுந்து, செப்புக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. காலையில் அலுமாரிக்குப் பின்னாலிருந்து அதை இழுத்தெடுத்து, வேலியோரக் குப்பைக் கிடங்கில் எறிந்தவள் அவள்தான். இப்போது அது மேசையைப் பார்த்தபடி, ஆள் நிற்கிற மாதிரி, சேர்ந்து இருந்தது. தரையெல்லாம் காய்ந்திருக்க, அதைச் சுற்றி மட்டும் ஈரம்.

காலையில் அவள் எறிந்ததை வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டுப் புஷ்பவதி கண்டிருந்தாள்.

"பிள்ளை, உது ஸுல்பிகாட செருப்பெல்லோ?"

ஸுல்பிகா, நபீஸாவின் கணவன் ஸெய்னுதீனின் முதல் மனைவி. நெஞ்சுவலியில் மௌத்தானவள் என்றுதான் நபீஸாவின் வீட்டாருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"நெஞ்சுவலியோ? நல்ல கதை! அயன் பெட்டி கடிக்குது, ஆளைக் கூப்பிட்டு எர்த் வயர் இழுங்க எண்டு அந்தப் பிள்ளை கெஞ்சினது எங்கட குசினிக்கே கேக்கும். மனுசன் செருப்பு வாங்கிக் குடுத்தார். அது அறுந்துபோக, பியூசுக்குப் போடுற கம்பியாலையே கட்டிக் குடுத்தார். கம்பி அடியால வெளிய வந்து நிலத்தில முட்டுது. றப்பர் போட்டு என்ன பிரயோசனம்?" புஷ்பவதி குரலைத் தாழ்த்தினாள். "நாங்கள் ஓடி வரேக்க அவவின்ர கை பெட்டியில. றேடியோ பாடிக்கொண்டிருந்தது. காத்தாடி சுத்திக்கொண்டிருந்தது. ஒண்டும் நிக்கேல்லை, பிள்ளை."

நிற்காதுதான். ஸெய்னுதீன் வீட்டுச் சுவரில் இருந்தது ஒரே ஒரு பிளக். கப்பல்காரரிடம் மலிவாகப் பிடித்த பிறிஜ், காத்தாடி, றேடியோ எல்லாம் அதிலேயே தொங்கின. ஊசி பொருந்தாத வயர்களை உரித்து, ஓட்டைக்குள் செருகி, நெருப்புக்குச்சியால் இறுக்கியிருந்தான். அயன் பெட்டிக்கு இடமில்லாததால் அது பல்ப்போடு சேர்த்து மாட்டிய இரட்டைக் கவ்வியில் தொங்கியது. பாரம் தாங்காமல் பியூஸ் அடிக்கடி போக, மயிரளவு கம்பி இருக்கவேண்டிய இடத்தில் துணி காயப்போடும் கொடிக்கம்பித் தடிப்பில் ஒன்றை முறுக்கிவிட்டான். அதன்பிறகு பியூஸ் போனதே இல்லை. அதைச் சாதனையாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

போன கிழமை பெட்டியைத் தொட்ட நபீஸாவுக்கும் விரலில் சுள்ளென்றது. சொன்னாள். மறுநாள் புதுச் செருப்பு வந்தது.

அந்தியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம், கிணற்றடியில் கைகால் கழுவி ஒழு செய்த ஈரக்காலோடு, கசங்கிய சட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஸெய்னுதீன் உள்ளே வந்தான்.

"புள்ள, தொழுதுட்டு கிண்ணியாக் கலியாணத்துக்குப் போகணும். இந்தச் சேட்ட ஒருக்கா மினுக்குங்க."

"ஏலாது."

"ஏன்?"

"பெட்டி கடிக்கும்."

"பெட்டிக்குப் பல்லு முளைச்சிட்டா? செருப்பப் போட்டுட்டு நில்லுங்க."

"ஸுல்பிகாவும் செருப்புப் போட்டுட்டுத்தானே நிண்டாங்க?"

அவன் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. கண்ணில் மட்டும் இல்லை. "வேலிக் கதை கேக்கிறீங்க போல" என்றவன், பிறகு கடகடவென்று சிரித்தான். "நான் மினுக்கிறன். ஒரு ஆம்பிளைய அது கடிச்சா நாளைக்கே வயர்காரனைக் கூட்டி வாறன். சரியா?"

அலுமாரி மேலிருந்த பெட்டியை எடுத்து மேசையில் வைத்து, ஸ்டூலில் ஏறி, வயரைக் கவ்வியில் செருகினான். இறங்கினான். பல்ப் மங்கியது. மஞ்சள். இன்னும் மஞ்சள்.

மேசையடியில் கால் தானாகவே செருப்பைத் தேடியது. எல்லா வீட்டிலும் நீலச் செருப்புத்தான். அவன் குனிந்து பார்க்கவில்லை.

வலது கால் நுழைந்தது.

"செருப்பு..." என்று சொல்ல வாயெடுத்தாள் நபீஸா. சத்தம் வரவில்லை. வாய்மேல் ஏதோ ஈரம் பொத்தியது.

இடது கால் நுழைந்தது.

அவன் பெட்டியைப் பிடித்தான்.

சிரித்தபடியே நின்றான். சிரிப்பு கலையவில்லை. பல் கிட்டிக்கொண்டது. தோள் நடுங்கியது. பெட்டியை விடவில்லை. விட முடியவில்லை. சேட்டில் பழுப்பு படர்ந்தது. துணி வேகும் மணம்.

மெயின் சுவிச் கதவடியில். ஓடினாள். கை வைத்தாள். அழுத்தினால் போதும்.

அவள் கைமேல் ஒரு கை.

குளிர். ஈரம். உள்ளங்கை முழுக்க வெந்து சுருண்ட தோல். அது அவள் விரல்களை மெதுவாக, பிரியமாக என்றுகூடச் சொல்லலாம், பிடித்து நிறுத்தியது.

றேடியோ பாடியது. காத்தாடி சுற்றியது. பிறிஜ் உறுமியது.

ஸெய்னுதீனின் கண் அவளைப் பார்த்தது. கெஞ்சியது.

பிறகு அந்தக் கை விலகிக்கொண்டது. ஈரம் மட்டும் மிஞ்சியது. தடுக்க யாருமில்லை.

நபீஸாவின் விரல்கள் சுவிச்சின்மேல் அப்படியே இருந்தன.

அசையவில்லை.

ஒன்றும் நிற்கவில்லை.