கருப்பு டேப்

பட்டப்பகல் பதினொரு மணி. மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி, கதவு முன்னால் நின்றபோதுதான் இது எந்த வீடென்று அவருக்கு உறைத்தது. போனில் விலாசம் எழுதும்போது உறைக்கவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து வீடு பார்க்கிற மனுஷனுக்கு எதுதான் ஞாபகம் இருக்கும்? திரும்பிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

"வாங்க. உங்களைத்தான் கூப்பிடணும்னு நம்பரைத் தேடி எடுத்தேன்," என்றார் வீட்டுக்காரர். "ரெண்டு வருஷம் முன்னாடி இதே கேஸ் ஹீட்டர் பத்த வெச்சா அணைஞ்சுகிட்டே இருந்துது. நீங்க கை வெச்சதும் அணையாம நின்னுச்சு. எட்டாம் நாள் என் மனைவி போயிட்டா. குளிக்கப் போனவளைக் கதவை உடைச்சுத்தான் வெளிய எடுத்தோம். மாரடைப்புன்னாங்க. அப்புறம் நான் இதைத் தொடவே இல்ல. இப்ப பாப்பாவுக்குச் சளி, பச்சைத் தண்ணி ஒத்துக்கல. நேத்து பத்த வெச்சா, பழையபடி நிக்க மாட்டேங்குது. உங்க கைராசிதான் வேணும்."

மாரடைப்பு இல்லை. செய்தி காதுக்கு வந்த அன்றே மெக்கானிக்குக்கு அது தெரியும்.

புகைக்குழாய் அடைத்துக்கொண்டால் விஷப்புகை குளியலறையிலேயே தங்கிவிடும். அப்போது கேஸை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அன்றைக்கு ஹீட்டரை அணைத்துக்கொண்டிருந்தது அதுதான். குழாயைக் கழற்றிப் பார்க்க அரைநாள் ஆகும். சென்சாரின் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்ற அரை நிமிஷம் போதும். ஊரில் பாதி மெக்கானிக் செய்கிற வேலைதான். அவரும் செய்துவிட்டு, நல்ல பேர் வாங்கிக்கொண்டு போனார்.

குளியலறையில் ஈரம் இல்லை. ஆனால் சோப்பு வாசனை அடித்தது.

மூடியைக் கழற்றினார். அவர் சுற்றிய கருப்பு டேப் அப்படியே இருந்தது. அப்படியென்றால் இதை அணைப்பது சென்சார் இல்லை. கேஸ் சரியாக வருகிறது. கேஸ் வெளியே வரும் முனையில் தூசு இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, குமிழை அழுத்தி, ஹீட்டரைப் பற்றவைக்கிற பைலட் சுடரை ஏற்றினார். சின்னதாக, நீலமாக, அசையாமல் நின்றது.

ஃபூ.

அணைந்துபோனது.

மறுபடி ஏற்றி, உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

புறங்கையில் மூச்சு பட்டது. வெதுவெதுப்பான, ஈரமான மூச்சு.

"அம்மாதான் ஊதுறாங்க." வாசலில் அந்த வீட்டுப் பெண் குழந்தை நின்றுகொண்டிருந்தது. ஆறு வயசு இருக்கும். "நேத்து நான் குளிக்க வந்தப்பவும் ஊதினாங்க."

"அவ அப்படித்தான் ஏதாவது உளறுவா," என்றார் அப்பா.

மெக்கானிக் ஸ்டூல் போட்டு ஏறி, புகைக்குழாயைக் கழற்றினார். உள்ளே சுள்ளியும் இறகுமாக ஒரு பழைய கூடு, கல் மாதிரி இறுகிக் கிடந்தது. நேற்று அந்தச் சுடர் நின்றிருந்தால் இந்தக் குழந்தை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபடியே கூட்டைச் சுரண்டி எடுத்தார். டேப்பை அவிழ்த்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, ஒயர்களைப் பிரித்துச் சென்சாரில் மாட்டினார். சுடரை ஏற்றினார்.

நின்றது. யாரும் ஊதவில்லை.

வீட்டுக்காரர் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ போன அன்னைக்கும் இது உள்ள இருந்துதா?" என்று மெதுவாகக் கேட்டார். இரண்டு வருஷமாக அந்த மனுஷன் தூங்காதது கண்ணிலேயே தெரிந்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மெக்கானிக் வாயைத் திறந்தார்.

"இல்ல சார். இது இப்ப கட்டினது."

சோப்பு வாசனை அவர் மூக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று படி இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அவர் மனைவி அடுப்பில் சோறு வைத்திருந்தாள். அவர் சமையலறைக்குள் கால் வைத்தார். அடுப்பு அணைந்தது. அவள் பற்ற வைத்தாள். அணைந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி அணைந்தது.

"கொஞ்சம் வெளிய நில்லுங்க," என்றாள் அவள். அவர் வெளியே போனார். அடுப்பு எரிந்தது. உள்ளே வந்தார். அணைந்தது.

அவள் தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"என்னங்க பண்ணிட்டு வந்தீங்க?"

அவர் பிடரியில் வெதுவெதுப்பாக, ஈரமாக மூச்சு பட்டுக்கொண்டே இருந்தது.