பாறை முனையின் கடைசி வெள்ளை ஓக்

"கயிற்றை விட்டுடாதடா, பூமி!" என்று மரத்தின் மேலிருந்த தம்பியைப் பார்த்துக் கத்தினாள் தவமணி.

குமாவுன் மலையின் அந்தப் பள்ளத்தாக்கைக் காட்டுத்தீ தின்றுவிட்டது. வெள்ளை ஓக் மரத்தின் பங்காளிகளான பச்சை ஓக்கும் பழுப்பு ஓக்கும் மேல்காட்டில் எப்படியோ தப்பித்தன. வேரில் மழைநீரைப் பிடித்து ஊர் ஊற்றுக்கு ஆதாரமாக இருந்த வெள்ளை ஓக்கில் மட்டும் ஒரே மரம்தான் மிச்சம். அதுவும் நான்கு நாள் நடைதூரத்தில், பாறை முனையில், வேர் தெரிய! அதன் கொட்டைகள்தான் புதையல். அவை முளைத்தால்தான் ஊற்று பிழைக்கும் என்றாள் நாற்றுப்பண்ணைக் கமலாதேவி. திருவாரூரிலிருந்து மலையேற வந்த அக்காளும் தம்பியும், "நாங்க கொண்டாறோம்" என்று மார்தட்டிக் கிளம்பிவிட்டார்கள்.

"அக்கா, மரம் ஆடுது. எறங்கிரவா?"

"கொத்துக் கொத்தாத் தொங்குது, எறங்குறானாம்! உலுக்குடா!"

உலுக்கினான். கொட்டைகள் சடசடவென்று பாறையில் கொட்டின. அடுத்த நொடி மரம் வேரோடு சாய்ந்து, பூமிநாதனையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. அறுந்த கயிறு அவள் கையில் இருந்தது.

இரண்டு நாள் கத்திக் கத்தித் தேடினாள். பதிலே இல்லை. பாவி மகள், அழுதுகொண்டே கொட்டைகளைப் பொறுக்கிக் கட்டினாள்.

வழியெல்லாம் உச்சி வெயிலில் அவற்றைப் பாறையில் பரப்பினாள். விதைநெல் வீட்டுப் பெண் அல்லவா! விதை நன்றாகக் காய்ந்து, பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். சில கொட்டைகளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. "ஐயையோ, ஈரத்துல கெட்டுப்போச்சு" என்று அவற்றைத் தேடித் தேடி எறிந்தாள்.

ஊர் மேளம் கொட்டி மாலை போட்டது. தம்பி எங்கே என்ற கேள்விக்கு மூட்டையை நீட்டினாள்.

"இதுக்குத்தான் உயிரைக் கொடுத்தான்."

கமலாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொட்டைகளை வாளித் தண்ணீரில் கொட்டினாள். அத்தனையும் மிதந்தன. மிதந்தால் பதர் என்று நெல்வயல்காரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"காயவைத்தாயா?" கமலாதேவி இந்தியில் மெல்லக் கேட்டாள். "ஈரம் போனால் இது செத்துவிடுமே, பெண்ணே. முளைவிட்டது ஏதாவது இருக்கிறதா?"

"தூக்கி எறிஞ்சுட்டேன்."

கிளம்பும் முன்னே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை, தெரிந்த வேலை என்ற நினைப்பு!

தவமணி ஒரு கொட்டையை வாளியின் அடிவரை அழுத்திப் பிடித்தாள். விட்டதும் மேலே வந்தது. மறுபடியும் அழுத்தினாள்.