பாஞ்சாலை அடைத்த கரை

ஆதிநாராயணனின் படகுக் குளத்துக்குக் கார்முகில் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி. 2005 ஐப்பசி. பத்து நாள் அடைமழையில் விருத்தாசலமே ஊறிக் கிடந்தது.

குளமாம் குளம்! தன் பீங்கான் கம்பெனிக்குப் பின்னால் ஓடிய ஓடையைக் கரை போட்டு மறித்து, நாலு வாத்துப் படகு விட்டிருந்தார் அந்த முதலாளி. கரைக்கு நேர் கீழே, கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் முப்பது வீடுகள். கரை உறுதியாக இருக்கிறது என்று ஒரு இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை படகு ஓடும். அதற்காகத்தான் கார்முகிலை வரச் சொல்லியிருந்தார்கள்.

வாட்ச்மேன் கோவிந்தராசு கரையின் வெளிப்பக்கம் இறக்கிக் கூட்டிப் போனார். இறங்கியதும் நனைந்த சுண்ணாம்பு வாடை அடித்தது. அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது. கரையின் அடியில் கசிந்த தண்ணீர் வெள்ளையாக இருந்தது.

கார்முகில் கம்பியால் குத்தினான். மண் பொலபொலவென உதிர்ந்தது. உள்ளே இருந்தவை பிளாஸ்டர் அச்சுகள். பொம்மை வார்க்கக் களிமண் கூழ் ஊற்றுவார்களே, அந்த அச்சுகள். பார்க்கக் கல் மாதிரி இருக்கும், தண்ணீரிலேயே கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். இந்த ஊரில் அச்சு பிடித்த எவரும் இதைச் சொல்வார்கள். கேட்டிருந்தால்தானே?

"எவன்யா இதப் போட்டுக் கரை கட்டுனது?"

"முதலாளிதாங்க. போன வருஷ மழைல இந்த எடம் சரிஞ்சிடுச்சு. பழைய அச்சு மலையாட்டம் கெடந்துது, லாரில அள்ளிக் கொட்டிட்டாங்க."

கார்முகில் கரையை மேலும் கீழும் பார்த்தான். இந்தக் கரை போன மாதமே போயிருக்க வேண்டும். எப்படி நிற்கிறது?

அப்போதுதான் கவனித்தான். கரை முழுக்க, கசிவு இருந்த இடத்திலெல்லாம் உள்ளங்கை அகலத்துக்குக் களிமண் அப்பியிருந்தது. பொம்மையின் இணைப்பை மூடுகிற நேர்த்தி. ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் பதிந்து இடப்பக்கம் இழுபட்டிருந்தது. அந்தத் தடத்தின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

"இத யாரு அடைக்கிறது?"

கோவிந்தராசு குரலைத் தாழ்த்தினார். "பாஞ்சாலைங்க. வார்ப்புல வேலை செஞ்சவ."

"வரச் சொல்லுங்க."

"வர முடியாதுங்க. போன வருஷம் அடைக்கப் போனப்பதான் கரை அவ மேல சரிஞ்சுது."

மழை மறுபடி தூறியது.

"அவள ஓடை அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சுன்னு எழுதிட்டாங்க. தோண்டுனா தண்ணி மொத்தமும் போயிடும்னு முதலாளி வுடல. அவ மேலயேதான் அச்ச கொட்டுனாங்க. அவ புள்ளைங்க ரெண்டும் கீழ, அந்த மூணாவது வூட்ல இருக்குதுங்க."

கார்முகிலின் முழங்காலுக்கு அருகே பொத்தென்று ஒரு துளை திறந்தது. தண்ணீர் பீய்ச்சியது.

உள்ளேயிருந்து களிமண் பிதுங்கி வந்தது.

அதன் மேல் ஒரு பள்ளம் விழுந்தது. பள்ளம் மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தது.

தண்ணீர் நின்றது.

அங்கே வேறு யாருமே இல்லை.

மேலே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஆதிநாராயணன் குடையோடு கரைமேல் வந்து நின்றார். "என்னா தம்பி, ஒரு வருஷமா நிக்குது பாருங்க. கையெழுத்துப் போடலாம்ல?"

பயந்து நடுங்க வேண்டிய நேரம். கார்முகிலுக்கு வந்ததோ கோபம்.

"கரை நிக்கலங்க. செத்தவளப் போட்டு இன்னும் வேலை வாங்கிக்கிட்டு இருக்கீங்க."

முதலாளியின் முகம் வெளுத்தது. பிறகு சிரித்தார். "பைத்தியமாடா நீ? போ, வேற ஆளு இருக்கான்."

வண்டி சீட்டின் மேல் காகிதத்தை வைத்துக் கார்முகில் எழுதினான். கரை இடியும் நிலையில் இருக்கிறது. அச்சு கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். உள்ளே பாஞ்சாலையின் உடல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு, சாட்சி என்று எழுதிய இடத்தைக் கோவிந்தராசுவிடம் நீட்டினான்.

"வேலை போயிடுங்க," என்றார் அவர் கையெழுத்துப் போடாமல், தலை குனிந்து. ஆனால் வீடு வீடாகக் கதவைத் தட்ட அவர்தான் முதலில் ஓடினார். ஒரு மணி நேரத்தில் அத்தனை பேரையும் மேட்டிலிருந்த ஸ்கூலுக்கு ஏற்றினார்கள். கடைசியாகப் பாஞ்சாலையின் இரண்டு பிள்ளைகள். சின்னவள் மேட்டில் கால் வைத்தாள்.

தொப்.

கரையில் அப்பியிருந்த களிமண் ஒன்று கீழே விழுந்தது.

தொப். தொப்.

பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் விழுந்தன. கரை போயிற்று. முப்பது வீடும் போயிற்று. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

தை மாதம் விசாரணை நடந்தது. ஆதிநாராயணன் சலவைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். மழை செய்ததற்கு மனிதன் என்ன செய்வான் என்றார். உள்ளே பிணம் இருந்ததாம், எங்கே அந்தப் பிணம் என்று கேட்டார் அவருடைய வக்கீல். வெள்ளம் அதையும் கொண்டு போயிருந்தது. கார்முகில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வந்த ஆத்திரத்துக்கு அந்த மேசையைப் புரட்டிப் போட்டிருப்பான்.

"இந்த ரிப்போர்ட்டுக்கு ஒரு சாட்சியாவது உண்டா?" என்றார் வக்கீல்.

விசாரணை அதிகாரி தாளைப் புரட்டினார். சட்டென்று கையை இழுத்து விரலைத் துடைத்துக்கொண்டார்.

"சாட்சி இருக்குதே," என்றார் குழப்பத்தோடு. "கைநாட்டு. யாரு வச்சது? இன்னும் ஈரமா இருக்குது."

வெள்ளைக் களிமண். இடப்பக்கம் இழுபட்ட கட்டைவிரல். குறுக்கே ஒரு தழும்பு.

ஆதிநாராயணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். யாரும் அவர் வாயைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவருடைய சலவைச் சட்டையின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே இன்னொன்று அப்போதுதான் பதிந்துகொண்டிருந்தது.